லாட்டில் ஒரு பெட்டி

பத்தாவது பரீட்சை முடிந்த அன்றைக்கே, லீவுக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று பரணி சொல்லிவிட்டாள். அதைக் கேட்ட அவளுடைய அம்மா சித்ரகலா அடுப்பை அணைத்துவிட்டு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். வீரபாண்டியில் எங்களுடையது எட்டு வீட்டு லைன். முதல் வீடு என்னுடையது. இட்லி மாவு ஆட்டிப் பாக்கெட் போட்டு விற்கிறேன். மாவு வாங்க வருகிறவர்கள் ரெண்டு சங்கதியைக் கொட்டாமல் போகமாட்டார்கள். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

“கண்ணம்மாக்கா, நீங்களாச்சும் வந்து சொல்லுங்க. நாஞ் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டீங்கறா.”

“எதுக்காமா வேலைக்கு? சோத்துக்கு இல்லாமயா கெடக்கறீங்க?”

“சோத்துக்கில்லீங்க்கா. அந்த கேம் பெட்டிக்கு.”

கேம் பெட்டி என்பது நாங்கள் வைத்த பெயர். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு, என் வாயில் நுழையாது. இரண்டு கையாலும் பிடித்து விளையாடுவது. நடுவில் கண்ணாடி, இரண்டு ஓரத்திலும் பொத்தான். சித்ரகலாவின் சித்தப்பா மகன் பூபாலன் பல்லடம் ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறான். வருகிறவர்கள் தொட்டுப் பார்க்கட்டும் என்று அங்கே ஒரு பெட்டியைப் பிரித்து வெளியில் வைத்திருப்பான். மாமன் கடை என்ற உரிமையில் பரணி போய் நின்று, அதில் ஒரு ஊரையே கட்டிவிட்டு வருவாள். குளம் வெட்டுவாள், ரோடு போடுவாள், மரம் வைப்பாள். அடுத்த வாரம் போனால் எவனாவது அதை அழித்திருப்பான்.

வீட்டில் மூன்று பேருக்கும் சேர்த்து உருப்படியான போன் ஒன்றுதான். அவள் கையில் எடுத்த ஐந்தாவது நிமிஷம் அப்பனுக்குக் கம்பெனியிலிருந்து கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் அம்மாவுக்கு ஒறம்பறை, சொந்தபந்தம் யாராவது கூப்பிடும். “எனக்குன்னு ஒண்ணு பெரிம்மா. யாரும் புடுங்காதது,” என்று என்னிடம் ஒரு தடவை சொன்னாள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஆசை தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

அவள் அப்பன் வேல்குமார், பனியன் ஓரம் மடித்துத் தைக்கும் பேட்லாக் மிஷினில் டெய்லர். பிப்ரவரியில் ஒருநாள் நல்ல குஷியில் இருந்தவன், “நானூத்தம்பது மார்க்குக்கு மேல எடுத்துக் காட்டு அம்மிணி, வாங்கித் தர்றேன்,” என்று சொல்லிப்போட்டான். அப்போது பெட்டி இருபத்தெட்டாயிரம். கையில் பதினைந்து இருக்கிறது, மிச்சத்தை ஓவர்டைம் பார்த்தால் தேற்றிவிடலாம் என்பது அவன் எண்ணம். ஆர்டர் குறைந்தது. ஓவர்டைம் போய், வாரத்துக்கு நாலு ஷிப்ட் ஓடுவதே பெரும்பாடு என்றாயிற்று. ஏப்ரலில் பெட்டி முப்பத்துமூன்றாயிரம்.

“தீபாவளி போனசுக்கு வாங்கிக்கலாம் கண்ணு,” என்றான் வேல்குமார்.

“தீபாவளிக்கு அது எங்க போய் நிக்குமோப்பா. நீங்க அந்தப் பதினஞ்சப் போடுங்க. மீதி நாஞ் சம்பாரிச்சுப் போட்டுக்கறேன்,” என்றாள் பரணி.

அவனும் லீவுதானே என்று தலையை ஆட்டிவிட்டான். சித்ரகலாதான் ஒத்துக்கொள்ளவில்லை. அவளும் பத்தாவது லீவுக்குத்தான் முதன்முதலில் கம்பெனிக்குப் போனவள். சைக்கிள் வாங்கப் போனாள். சைக்கிளும் வாங்கினாள். சனிக்கிழமை தவறாமல் கைக்கு வந்த சம்பளம் அவளைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்ப விடவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பேக்கிங் செக்‌ஷன். எங்கள் லைனில் ஐந்து வீட்டுப் பெண்களின் கதை இதேதான்.

நான் போய்ப் பரணியைப் பிடித்தேன். “ஏம் புள்ள, உங்கம்மா கதையத் தெரிஞ்சுமா இப்பிடிப் பண்ற?”

“ஜூன்ல நின்னுக்கறேன் பெரிம்மா. பெட்டி கைக்கு வந்த அன்னிக்கே நின்னுக்கறேன். முருகன் மேல சத்தியம்.”

முருகனை இழுத்துவிட்டாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

முதலிபாளையம் பக்கம் ஒரு சின்ன யூனிட். காலையில் எட்டு மணிக்கு எங்கள் லைன் முனைக்கு வேன் வரும். பிசிறு வெட்டும் வேலை. தைத்து வந்த பனியனில் நூல் நீட்டிக்கொண்டிருக்கும், அதைச் சின்னக் கத்திரியால் நறுக்க வேண்டும். பொழுதுக்கும் நின்றபடி. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நின்றுவிட்டு வந்து, வாசற்படியில் சுருண்டு படுப்பாள். தலைமுடி, புருவம் எல்லாம் பஞ்சுத் தூசி. கட்டைவிரலில் கத்திரி அழுத்தி அழுத்திக் காய்ப்பு. சித்ரகலா அந்த விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள், தடவும்போதே திட்டுவாள்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. நானூற்று எழுபத்துமூன்று. லைனுக்கே லட்டு வாங்கிக் கொடுத்தான் வேல்குமார். பரணிக்கு அன்றைக்கும் லீவில்லை, பொழுது சாய்ந்துதான் வந்து லட்டுத் தின்றாள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். பரணி நிற்கவில்லை.

“இன்னும் ரெண்டே வாரம்மா. இருபத்தெட்டாவே இருந்திருந்தா நான் இந்நேரம் நின்னிருப்பேன். ஏறுனதுக்கு நானென்ன பண்ணட்டும்? முப்பத்திமூணு சேந்துட்டா நின்னர்றேன்.”

“பள்ளிக்கூடம் உனக்காவ காத்துட்டிருக்குமா?”

“டீச்சர்கிட்டச் சொல்லீட்டேன். காச்சல்னு.”

“பொய் வேறயா? நல்லாருக்குது போ!”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று பேருக்கும் பேச்சு அந்தப் பெட்டியின் விலைதான். வேல்குமார் டீக்கடையில் போனைத் தடவிப் பார்ப்பான். பரணி சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் மாமன் கடைக்குப் போய் விலையைப் பார்த்துவிட்டு வருவாள். முப்பத்துமூன்றிலேயே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். சித்ரகலா முருகனுக்குக் காசு முடிந்து வைத்தாள், விலை ஏறக்கூடாது என்று. நான் இத்தனை வருஷத்தில் எத்தனையோ வேண்டுதல் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஆனால் சிரிக்க முடியவில்லை. பெட்டி வந்தால்தான் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்.

ஜூன் மூன்றாவது வாரம். பாலக்காட்டுக் காற்று தூக்கித் தூக்கி அடிக்கிறது. சித்ரகலாவின் கம்பெனியில் ஆர்டர் இல்லையென்று ஒரு வாரம் லீவு விட்டுவிட்டார்கள். புதன்கிழமை பதினோரு மணி இருக்கும், பூபாலன் ஆட்டோவில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினான்.

“கலா, சும்மாதான இருக்கற? ஒரு சின்ன வேல. இதுக்குள்ள இருபத்திநாலு பீஸ் இருக்குது. கம்பெனிலிருந்து ரேட்டு மாத்தீட்டாங்க. மெமரி சிப்பு வெல ஏறிப்போச்சாமா, ஒலகம் பூரா இதே ரோதனதான். பழைய வெல ஸ்டிக்கர அட்ட கிழியாம எடுத்துப்போட்டு, புதுச ஒட்டிக் குடு. இந்த வேலைக்கு உன்னாட்ட கை யாருக்கு வரும்?”

சித்ரகலா பெட்டியைத் திறந்தாள். பரணியின் கேம் பெட்டி, இருபத்துநாலு. புது ஸ்டிக்கரில் முப்பத்தொன்பதாயிரம்.

“ஏனுங்ணா, அப்ப பரணிக்கு?” என்று கேட்டாள்.

“அட, அவளுக்கு இல்லாதயா? ஒண்ணத் தனியா எடுத்து வெச்சுக்க. ஸ்டிக்கர் மாத்தாத. சனிக்கிழம வந்து முப்பத்திமூணுக்கே பில்லப் போட்டு எடுத்துட்டுப் போங்க. நாந் தாய்மாமனில்லியா?”

இதையெல்லாம் அவள் அப்புறம் என்னிடம் சொன்னது. அவன் போனபிறகுதான் நான் அங்கே போனேன். இப்படி விலையை மாற்றி ஒட்டுவது தப்பா என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அவள் கம்பெனியில் இது தினப்படி வேலை. வெளிநாட்டுக்காரன் ரேட்டை மாற்றிவிட்டேன் என்று மெயில் போட்டால், பத்தாயிரம் பீஸாக இருந்தாலும் கார்ட்டனைப் பிரித்துப் பழையதை எடுத்துப் புதியதை ஒட்டி விடியற்காலை வண்டி ஏற்றுவார்கள். அதில் அவள் கெட்டிக்காரி. அயர்ன் பாக்ஸை லேசாகச் சூடு காட்டி, ஒரு மூலையை நகத்தால் நெம்பி, பசை கூட ஒட்டாமல் உரித்துவிடுவாள். நான் பழசைச் சுருட்டிச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். என் கையும் அதில் உண்டு.

பாதி வேலையில் பள்ளிக்கூடத்து டீச்சர் போன் பண்ணினார். சித்ரகலா தன் பழைய பட்டன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒட்டிக்கொண்டே பேசினாள்.

“காய்ச்சல்னு எத்தன நாளைக்குங்க சொல்லுவீங்க? நல்லாப் படிக்கற புள்ள. திங்கக்கிழமைக்குள்ள வந்து சேரலீன்னா இந்த சீட்ட வேற புள்ளைக்குக் குடுக்கோணும். அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க.”

“வந்தர்றமுங்க டீச்சர். திங்கக்கிழம வெடியால நானே கூட்டிட்டு வந்தர்றனுங்க.”

போனை வைத்தவளுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். கை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நான் தாளைப் பார்த்தேன். எல்லாப் பெட்டியும் முடிந்துவிட்டது, தாளில் ஒரு ஸ்டிக்கர் மிச்சம்.

“ஒண்ணு மிஞ்சுதே அம்மிணி,” என்றேன்.

பேக்கிங்கில் ஸ்டிக்கர் மிஞ்சினால் எங்கேயோ ஒரு பீஸ் தப்பிவிட்டது என்று அர்த்தம். தப்பிய பீஸ் ஒன்று போனால் லாட், அதாவது அனுப்பிய சரக்கு முழுக்கத் திரும்பி வரும். இருபத்திரண்டு வருஷமாக அதற்காகத் திட்டு வாங்கி, கார்ட்டன் கார்ட்டனாகப் பிரித்துத் தேடியிருக்கிறாள். விருட்டென்று நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள். கட்டில் மேல் துண்டு போட்டு மூடி ஒரு பெட்டி இருந்தது. எடுத்தாள், சூடு காட்டினாள், உரித்தாள், ஒட்டினாள். பழைய ஸ்டிக்கரை என் கையில் கொடுத்தாள், நான் சுருட்டிப் போட்டேன். இருபத்துநாலையும் எண்ணி அட்டைப் பெட்டியில் அடுக்கி டேப் போட்டபிறகுதான் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“அய்யோ அக்கா. அது பரணிக்கு வெச்சதுங்க.”

“அட கெரகமே! சொல்லப்படாதா?”

கூடையைக் கொட்டித் தேடினோம். பசை ஒன்றோடொன்று ஒட்டி எல்லாம் ஒரே உருண்டையாகக் கிடந்தது. ஒன்றைக்கூடப் பிரிக்க முடியவில்லை. சரக்கை எடுத்துப்போகப் பூபாலன் அனுப்பிய ஆட்டோக்காரர் வெளியில் ஹாரன் அடிக்கிறார்.

“போனாப் போச்சாது போங்க. ஸ்டிக்கர் என்ன ஸ்டிக்கர்? அண்ணன் வாய்ல சொன்னது இருக்குதில்ல,” என்று அவள்தான் எனக்குச் சமாதானம் சொல்லி ஏற்றி அனுப்பினாள்.

சனிக்கிழமை பரணியின் ஒன்பதாவது சம்பளம். அப்பன் பதினைந்து, அவள் பதினெட்டு. வேல்குமாருக்கு அன்று ஷிப்ட் இருந்ததால் அம்மாவுக்கும் மகளுக்கும் நான் துணைக்குப் போனேன். பஸ்ஸில் பரணி வாய் ஓயாமல் பேசினாள். திங்கள்கிழமைக்கு யூனிபார்ம் தைக்க நேரமில்லை, கலர் டிரஸ்ஸில் போனால் டீச்சர் திட்டுவார்களா என்று கேட்டாள். அந்தப் பிள்ளை அப்படிச் சிரித்து நான் இரண்டு மாதமாகப் பார்க்கவில்லை.

கடையில் கால் வைக்க இடமில்லை. விலை ஏறியதில் கூட்டம் குறையும் என்று நினைத்தேன், கூடியிருந்தது.

“என்னய்யா இது, வாரத்துக்கு ஒரு வெல சொல்லுதிய? போன சனிக்கிழம வந்து கேட்டுட்டுத்தான போனேன்?” என்று ஒரு தெக்கத்திக்காரத் தம்பி கத்திக்கொண்டிருந்தான்.

“பிச்லே ஹஃப்தே முப்பத்துமூணு போலா தா பையா,” என்று ஒரு பீகார்ப் பையன், போன வாரத்து விலையைப் போனில் எடுத்து வைத்திருந்த போட்டோவைக் காட்டினான்.

இன் பண்ணின சட்டைக்காரர் ஒருவர் மட்டும் சத்தமே போடாமல், “ரெண்டா போட்ருங்க. அடுத்த மாசம் இன்னும் ஏறும்,” என்று கார்டை நீட்டினார். அதைக் கேட்டதும் கத்தியவர்களும் கத்தலை விட்டுவிட்டு முன்னால் நெருக்கினார்கள். எனக்கு அந்தக் கூத்து விளங்கவே இல்லை. ஏறுகிறது என்றால் வேண்டாமென்று போவார்களா, முந்திக்கொண்டு வாங்குவார்களா?

பூபாலன் எங்களைப் பார்த்ததும் ஓரமாக வந்தான்.

“கலா, அந்த ஒண்ணு எங்க?”

“எல்லாத்துக்கும் ஒட்டிப்போட்டனுங்ணா. கைப்பழக்கம். நீங்க சொன்ன ரேட்டுக்கே…”

“என்ன பண்ணி வெச்சிருக்கற? ஒண்ணத் தனியா வெய்யின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனில்ல? இருபத்திநாலும் கம்ப்யூட்டர்ல முப்பத்தொம்பதுன்னு ஏத்தியாச்சு. இத்தன பேரு முன்னால உனக்குக் கொறச்சுப் பில் போட்டா இவீங்க என்ற கடைய ஒடச்சுப்போடுவாங்க. இன்னும் ஆறாயிரம் கொண்டுட்டு வா, ஒண்ண எடுத்து வெய்க்கறேன்.”

“அண்ணா, திங்கக்கிழம அவ பள்ளிக்கூடம் போகோணும். பெட்டி இல்லீன்னா போகமாட்டா. உங்க கால்ல வேண்ணாலும் உழுகறேன்.”

“அம்மா,” என்று பரணி குறுக்கே வந்தாள். கண்ணாடி மேசை மேலிருந்த ஒரு பெட்டியை எடுத்து அந்த ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “இத நீயா ஒட்டின?”

பூபாலன் முந்திக்கொண்டான்: “உங்கம்மா கைவேலதான் கண்ணு. நாந் தனியா வெய்க்கச் சொன்னதயும் சேத்தி ஒட்டிக் குடுத்துட்டா.”

சித்ரகலாவுக்கு எங்கிருந்து அந்த ஆங்காரம் வந்ததோ தெரியவில்லை. பரணியின் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிக் கூட்டத்தைப் பார்த்துத் தூக்கிக் காட்டினாள்.

“ஏனுங்க, எல்லாருங் கேளுங்க! இது பழைய சரக்குங்க! முப்பத்திமூணு போட்டிருந்துச்சு. எங்கண்ணன் குடுத்தாரு, நானே எங்கூட்ல உக்காந்து மாத்தி ஒட்டினேன். இருபத்திநாலும் நான் ஒட்டினதுங்க! யாரும் ஏமாந்து வாங்காதீங்க!”

பூபாலன் முகம் கறுத்துப்போயிற்று. தெக்கத்தித் தம்பி முன்னால் வந்தான். “எக்கா, நெசமாவா? உரிச்சுக் காட்டுங்க பாப்போம். அடியில பழைய வெல இருக்கும்லா?”

சித்ரகலா நகத்தால் நெம்பி ஒரே இழுப்பில் உரித்தாள். அடியில் ஒன்றுமில்லை. வெள்ளை அட்டை. ஒரு கீறல் கிடையாது, பசைத் தடம் கிடையாது. அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாள். இன்னொரு பெட்டியை எடுத்து உரித்தாள், அதிலும் அப்படியே.

“பாத்தீங்களா? கடனுக்குக் கேட்டுச்சு, நான் இல்லீன்னதுக்கு இப்பிடிப் பேசுதுங்க,” என்றான் பூபாலன், வாய் கூசாமல். “பொருளக் கீழ வெச்சுட்டு எறங்கு கலா. இனி அண்ணன் கிண்ணன்னு இந்தப் படி ஏறாத.”

“புளுகறியே, நீ நல்லாருப்பியாடா!” என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? தெக்கத்தித் தம்பி ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். அப்புறம், “நெசமோ பொய்யோ, நாளைக்கு இது நாப்பத்தஞ்சாயிரும். பில்லப் போடுங்கண்ணே,” என்று அவள் உரித்த பெட்டியையே வாங்கிக்கொண்டு போனான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பரணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே வந்தாள். அம்மாவைத் திட்டவில்லை, அழவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சித்ரகலா கோழி எடுத்துக் குழம்பு வைத்தாள். நான் போனபோது பிள்ளை தலைக்கு ஊற்றிக்கொண்டு, நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, எனக்கு அந்தப் பெட்டி வேண்டாம்,” என்றாள் சாப்பிட்டு முடித்ததும். “இனி ஏறுனா ஏறட்டும், எறங்குனா எறங்கட்டும். அப்பா அந்தப் பதினஞ்ச எடுத்துக்கட்டும்.”

சித்ரகலாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வேல்குமார் மகள் தலையைத் தடவிக் கொடுத்தான். “எஞ்சாமி! எப்பிடியும் நாளைக்கு ஒருநா உனக்கு வாங்கித் தர்றனா இல்லியான்னு பாரு. வெடியால அம்மாகூடக் கெளம்பு, டீச்சர் காத்திருப்பாங்க.”

“இல்லீங்ப்பா. எங்க யூனிட்டு சூப்பர்வைசர் விஜயகுமாரியக்கா என்னயச் செக்கிங்குல போடறேன்னிருக்காங்க. நாளொண்ணுக்கு எச்சா அறுவது ரூவா. நாளைலிருந்து.”

“பெட்டிதான் வேண்டாம்னுட்டியே! அப்பறம் எதுக்கு கண்ணு?”

“எதுக்கோ. எங்கையில காசு இருந்தா நான் யாரையும் கேக்க வேண்டியதில்ல. படிச்சுட்டும் இங்கதான வரோணும்? இப்பவே போறேன்.”

அப்பன் சத்தம் போட்டான், அம்மா கெஞ்சினாள். நான் என் பங்குக்கு வைதேன். பிள்ளை தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டது.

திங்கள்கிழமை எட்டு மணிக்கு வேன் வந்தது. பரணி டிபன் பாக்ஸோடு ஏறி உட்கார்ந்தாள். சித்ரகலா மார்க்‌ஷீட்டும் டிசியும் வைத்த கவரோடு வேனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

“எம்புள்ள எறங்காம இந்த வண்டி போகாது.”

டிரைவர் ஹாரன் அடித்தார். “யக்கா, தள்ளுங்க. எட்டரைக்கு கேட்டுச் சாத்திருவாங்க.”

“சாத்தட்டும்.”

வேனுக்குள் பதினான்கு பெண்கள். எட்டரைக்கு மேல் போனால் கால் ஷிப்ட் கட். எல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள், என்னிடம் மாவு வாங்குகிறவர்கள். “கண்ணம்மாக்கா, சொல்லுங்கக்கா,” என்றாள் ஒருத்தி. “எம்புள்ளைக்கு இன்னிக்கு மருந்து வாங்கோணும்க்கா,” என்றாள் இன்னொருத்தி. “ஊட்டுச் சண்டைய ஊட்டோட வெச்சுக்கோணும்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எட்டு பத்து, எட்டேகால். பரணி தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். இறங்கவில்லை.

“பரணீ, எறங்கு சாமி. அம்மா தெரியாம ஒட்டிப்போட்டேன். தெரியாமப் பண்ணிப்போட்டேன் கண்ணு,” என்று சித்ரகலா வண்டிக் கண்ணாடியைத் தட்டினாள்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. நான்தான் போனேன். அவள் தோளைப் பிடித்து, “வா அம்மிணி, பாவம் அவீங்க பொழப்பப் பாக்கட்டும்,” என்று ஓரமாக இழுத்தேன். அவள் காலை ஊன்றி நின்றாள். நான் பலத்தை எல்லாம் போட்டு இழுத்தேன். வழி கிடைத்ததும் வேன் கிளம்பிப் போய்விட்டது.

சித்ரகலா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவரைக் கையில் பிடித்தபடி வீட்டுக்குள் போனாள். இன்றைக்கும் மாவு வாங்க என்னிடம்தான் வருகிறாள்.